ஹார்லிக்ஸ் போத்தல் குளம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் தேங்காய் துருவச் சொல்வார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் பினாங்குத் தீவின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அந்த மைக்ராஸ்கோப்பை வாங்கினேன். விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். "அதுவே அதிகம்" என்றாள் மனைவி.

தண்ணீர்மலைத் தோட்டத்து அல்லிக்குளத்தில் கைவைக்கத் துணிவில்லை. நண்பர் வீட்டுத் தாமரைத் தொட்டியில் ஒரு ஹார்லிக்ஸ் போத்தல் தண்ணீர் மொண்டுவந்தேன். கறுப்பு விளிம்போடு உருண்டையாக ஒன்று தெரிந்ததும் வீட்டையே கூப்பிட்டேன். "அப்பா, அது காத்துக் குமிழி" என்றாள் மகள். அடுத்து நான் கண்டுபிடித்த பிராணி, என் இமைமயிர்.

தெளிந்த தண்ணீரில் ஒன்றும் அகப்படாது, பாசியைப் பிழிய வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. பிழிந்த சொட்டில் சின்னச் சின்ன மணிகள், ஒவ்வொன்றும் ஒரு நூல்காம்பில். மணியின் வாயைச் சுற்றி மயிரிழைகள் சுழன்று இரையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. மனைவி கோப்பியை மேசையில் டொக்கென்று வைத்தாள். அத்தனை காம்பும் ஸ்பிரிங்காகச் சுருண்டன. சற்றுப் பொறுத்து மெல்ல நீண்டன.

"சத்தம் கேட்டா சுருண்டுக்குது, சாப்பாட்டுக்கு நீண்டுக்குது. பேரு என்னங்க?"

"வோர்ட்டிசெல்லா."

"நான் உங்க சொந்தக்காரங்கன்னு நெனச்சேன்."

இரண்டாம் வாரம் போத்தலில் ஒன்று தலைகீழாகத் தொங்கி, வால்நுனிக் குழாயை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு வாங்கியது. எனக்கு மெய்சிலிர்த்தது. மனைவிக்கோ 1975-ம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. வீட்டில் ஜெந்திக்-ஜெந்திக், அதாவது கொசுப்புழு, இருந்தால் 500 வெள்ளி வரை சம்மன். அன்று மாலைக்குள் என் குளம் வற்றிவிட்டது.

குளம் போனதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக், மிளகு ஏன் காரமாயிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை; 1676-ல் அந்தத் தண்ணீரில் பாக்டீரியாதான் கிடைத்தது. ஒரு காலத்தில் மிளகு விளைந்த தீவில் இருந்துகொண்டு நான் இதைச் செய்யாவிட்டால் எப்படி? டம்ளரில் மிளகு போட்டு, கொசு நுழையாமல் துணி கட்டி, அடுப்படி மூலையில் ஒளித்து வைத்தேன்.

நாலாம் நாள் தேடினால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"நீங்களா மிளகு ஊறப்போட்டீங்க? பரவாயில்லையே!"

முப்பது வருடத்தில் அடுப்படி விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வருமா? மகள் இரண்டாம் முறையும் ரசம் ஊற்றிக்கொண்டாள். கொதித்ததுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "எனக்கு மோர் போதும்" என்றேன்.

அன்றிரவு அந்த மோரில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கக் கூடாது.