சீசன் சார்

சீசன் சார் என்பது ஒருவருடைய பெயரல்ல. வாலாஜாபாத்தில் தெருவுக்கு ஒருவர் வகிக்கும் பதவி. சம்பளம் கிடையாது, போட்டி உண்டு. வண்டலூர் சாலையில் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தில், தோளில் மாட்டிய சாப்பாட்டுப் பையைத் தவிர கையில் ஒரு மஞ்சள் பையும் வைத்திருப்பவர் யாரோ அவர்தான். அந்தப் பைக்குள் பருவத்துக்கு ஏற்ற ஏதாவது ஒன்று இருக்கும். பஸ் ஒரகடம் போய்ச் சேருவதற்குள் அது ஐம்பது பேருக்குப் பங்காகியிருக்கும்.

வயது நாற்பதை ஒட்டியிருக்கும். வேலை ஷிப்ட் இன்சார்ஜ், குவாலிட்டி, ஸ்டோர்ஸ் இந்த மூன்றில் ஒன்று. சொந்த ஊர் விழுப்புரமாகவும் இருக்கலாம், விருதுநகராகவும் இருக்கலாம். மனை வாங்கியது வாலாஜாபாத்தில். குடிவந்த ஊரின் ருசி விஷயத்தில் உள்ளூர்க்காரரைவிட இவருக்குப் பிடிவாதம் அதிகம். உள்ளூர்க்காரர் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். இவர் அது சரியான மாதத்தில் வந்ததா என்று பார்ப்பார்.

இந்த இனம் அவ்வளவு பழையதல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டியது 1996-ல்; கார் வெளிவந்தது 1998-ல். பிறகு ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. அதற்கு முன் இந்தப் பக்கத்தில் என்ன பருவம் என்பதை ஏரியும் வயலுமே சொல்லிவிட்டன. அதை அறிவிக்கத் தனியாக ஓர் ஆள் தேவைப்படவில்லை. ஷெட்டுக்குள்ளே நிலைமை வேறு. பெயிண்ட் ஷாப்பில் சித்திரைக்கும் மார்கழிக்கும் ஒரே குளிர், ஒரே ஈரப்பதம். மாறினால் பெயிண்ட் பிடிக்காது. கேண்டீனுக்குக் கிழமை தெரியும், மாதம் தெரியாது. செவ்வாய் என்றால் காரக்குழம்பு, வியாழன் என்றால் முட்டை. ஜனவரியிலும் அதேதான், ஜூனிலும் அதேதான். எட்டு மணி நேரம் பருவமே இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வெளியே வரும் மனிதருக்கு, சாலையோரத்தில் ஒரு குலை நுங்கைப் பார்த்தால் காலண்டரையே கட்டித் தொங்கவிட்டது போல் இருக்கும். வண்டியை நிறுத்தாமல் போக முடியாது.

சீசன் சாரின் ஆண்டு அந்த நுங்கில்தான் தொடங்குகிறது. வாங்கும் முறை தனி. விற்பவர் காயின் தலையைச் சீவியதும் மூன்று கண்கள் தெரியும். சார் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கண்ணை லேசாக அழுத்துவார். நகம் இறங்கினால் தேர்ச்சி. சற்றே எதிர்த்தால் 'முத்தல்' என்று ஒதுக்கிவிட்டு அடுத்த காய்க்குப் போவார். இப்படி ஏழெட்டுக் காய் ஒதுங்கியதும் விற்பவர் அரிவாளைக் கீழே வைத்துவிடுவார்.

"இன்னா சார், நட்டு போல்ட்டா வாங்குற? நுங்கு சார் இது."

"ஒண்ணு முத்தலா இருந்தா மொத்த லாட்டும் சந்தேகம்பா."

லாட் என்றால் என்னவென்று விற்பவருக்குத் தெரியாமல் இல்லை. அவருடைய மகனும் ஒரகடத்தில்தான் கான்ட்ராக்டில் இருக்கிறான்.

நுங்குக்குப் பின் மாம்பழம். செந்தூராவில் ஆரம்பித்து, பங்கனப்பள்ளியில் நிலைகொண்டு, ருமானி, நீலத்தில் முடியும். கல் வைத்துப் பழுக்கவைத்த பழம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் காயாகவே கூடை கூடையாக வாங்கி, மாடியறையில் வைக்கோல் பரப்பி அடுக்குவார். ஒவ்வொரு காயின் காம்பருகிலும் மார்க்கர் பேனாவால் தேதி எழுதியிருக்கும். ஸ்டோர்ஸ் விதிப்படி முதலில் வந்தது முதலில் போகவேண்டும். இதன் பலன் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். தினமும் இருப்பதிலேயே பழைய பழத்தைத்தான் எடுக்க வேண்டும். அது அழுகும் நிலையில் இருக்கும். அதை வெட்டித் தேறின பகுதியைச் சாப்பிடும் நேரத்தில், நேற்றுவரை பதமாக இருந்த அடுத்த பழம் அந்த நிலைக்கு வந்துவிடும். ஜூன் மாதம் முழுக்க மாம்பழத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தும், நல்ல மாம்பழம் ஒன்றைச் சாப்பிடாத குடும்பங்கள் வாலாஜாபாத்தில் உண்டு.

ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது சார் ஸ்டீல் தூக்கோடு நிற்பார். கேழ்வரகுக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பா முருங்கைக்கீரையா என்ற விவாதத்தில் இரண்டும்தான் என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டையும் வாங்கிக்கொள்வார். புரட்டாசியில் ஒரு மாதம் மௌனம். ஐப்பசி மழையில் தென்னேரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிகிறது என்று காதில் விழுந்தால் போதும், ஞாயிறு விடியும் முன் கரையில் இருப்பார். விராலுக்கு ஐந்து பேர் கைநீட்டும் இடத்தில் ஆறாவது கை இவருடையது. கெண்டையோடு திரும்பி வந்து, குழம்புக்குக் கெண்டைதான் சரி என்பார்.

சொல்லிக்கொள்ளத்தக்க சீசன் மார்கழியும் தையும். பனங்கிழங்கு, கரும்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பச்சை மொச்சை. வடதமிழ்நாட்டில் மொச்சையை ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாக விரலால் பிதுக்கித் தோலை நீக்கிக் குழம்பு வைப்பார்கள். இதுதான் பிதுக்குப் பருப்பு. ருசி விஷயத்தில் இதற்கு எதிர்க்கட்சி கிடையாது. எட்டுப் பேருக்குப் பிதுக்க ஒருவருக்கு அரை நாள் ஆகும் என்பதுதான் ஒரே குறை. சார் அதற்கு வழி கண்டிருக்கிறார். விருந்தாளிகளைப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லிப் பத்து மணிக்கே வரவழைப்பார். காபி முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து, நடுவில் அண்டாவை வைத்துவிடுவார். "சும்மா பேசிக்கிட்டே..." என்று ஆரம்பிக்கும் அந்த வாக்கியத்தை முதல் வருடம் வந்தவர்கள் நம்பினார்கள். மூன்றாம் வருடம் வந்தவர்கள் நகம் வெட்டிக்கொண்டு வரவில்லை.

வீட்டில் வேலைப் பிரிவினை தெளிவானது. பர்ச்சேஸும் குவாலிட்டியும் சாருடையவை, புரொடக்‌ஷன் மனைவியுடையது. இரு துறைக்கும் சனிக்கிழமை இரவு நடக்கும் கூட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் போவதில்லை.

"ஏங்க, எத்தினி பேருன்னு மட்டும் சொல்லிடுங்க."

"எட்டு. பிளஸ் ஆர் மைனஸ் ரெண்டு."

"ஒரு வருஷமாவது மைனஸ் ஆயிருக்கா?"

ஆனதில்லை. மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா பையன்கள் மூவர் கணக்கில் சேராமலே இறங்கிவருவார்கள். மொச்சையைப் பிதுக்குவதில் அவர்கள் கை வேகமானது என்பதால் சார் ஆட்சேபிப்பதில்லை.

விருந்தில் ஏற்படும் தாமதத்துக்குச் சமையல் காரணமாக இருப்பது குறைவு. ஊரின் பெயரே காரணமாக இருப்பதுண்டு. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் இரண்டு ஊர்களுக்குக் கிடைத்தது. ஒன்று பாலாற்றங்கரை வாலாஜாபாத். மற்றொன்று ராணிப்பேட்டைக்குப் பக்கத்து வாலாஜாப்பேட்டை. இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து முதன்முறை வரும் விருந்தாளி போனில் 'வாலாஜா' வரை தட்டிவிட்டு, மேலே வந்ததை அழுத்திவிடுவார். பதினோரு மணிக்கு, டோல்கேட் தாண்டிவிட்டேன், இன்னும் எவ்வளவு தூரம் என்று போன் வரும். எந்த டோல்கேட் என்று சார் கேட்கும் தொனியிலிருந்தே மனைவி இலைகளை மறுபடி ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவார். இரண்டு நூற்றாண்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்ட நவாபைத் திட்டிப் பயனில்லை என்பது இந்த வீட்டில் அனுபவத்தால் தெரிந்த விஷயம்.

விருந்து இல்லாத ஞாயிறுகளில் பயணம். விடியற்காலை கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பவேண்டும். மறுநாள் பஸ் இருக்கிறது. இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான். காஞ்சிபுரம் போவது வரதரைத் தரிசிக்க என்று சொல்லப்படும். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யுமாக வெந்த கோயில் இட்லி அங்கே கிடைக்கிறது என்பது தற்செயல். மாட்டுப் பொங்கலன்று வரதரே பார்வேட்டைக்காக இந்தப் பக்கம், செங்கல்பட்டு சாலையில் உள்ள பழையசீவரத்துக்கு எழுந்தருளுவார். பெருமாளே வருடம் தவறாமல் ஒருநாள் பயணம் வைத்திருக்கிறார் என்பதைச் சார் தம் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டுவார்.

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட மருத்துவமனை, அதற்கு மருத்துவர், மருந்துப் பட்டியல், மாணவர்களுக்குச் சாப்பாடு, சனிக்கிழமைகளில் தலைக்குத் தேய்க்க எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. சாருக்கு இதைவிடப் பிடித்த சுவர் இல்லை. சோழர்கள் வீக் ஆஃப் கொடுத்திருக்கிறார்கள் என்று குடும்பத்துக்கு விளக்குவார். குடும்பம் நிழலில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்.

உத்திரமேரூருக்குப் போனால் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. கணக்குக் காட்டாதவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்ற வரி வந்ததும், போன மாதப் பெட்ரோல் கணக்கு எங்கே என்று மனைவி கேட்பார். அத்துடன் உத்திரமேரூர் முடியும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கல். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் மரம் மரமாக அடைந்திருக்கும். அவை கலையக்கூடாதென்று சுற்றுக் கிராமத்தார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. காவல்கோபுரத்தில் ஏறி நிற்கும்போது சார் வழக்கத்துக்கு மாறாக எதுவும் பேசமாட்டார். எங்கிருந்தோ பறந்து வந்து, ஏரி நிரம்பிய பருவம் பார்த்து, குடும்பத்தோடு தங்கி மீன் தின்னும் பறவைகளிடம் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விரால் யாருக்குக் கிடைக்கிறது என்று மட்டும் உற்றுப் பார்ப்பார்.

மாசியில், பனங்கிழங்கு முடிந்து மாவடு இன்னும் வராத இரண்டு வாரங்களில் மஞ்சள் பை மடித்தபடி இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்பார்: "என்ன சார், இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?" சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சாலையோர மாமரங்களில் பூ பிடித்திருக்கிறது. சில கிளைகளில் உதிர்ந்தும் போயிருக்கிறது. அவர் உதடு அசையும். ஒரகடம் வரும்வரை எண்ணிக்கொண்டே போவார்.