தோத்திரம் பிரதர்

"தோத்திரம் பிரதர். எதிர் வீட்டுல ரெண்டாவது மாடி ஏத்துறாங்க, பார்த்தீங்களா? எனக்கு ஒண்ணும் இல்ல, சந்தோஷம்தான். சதுர அடிக்கு எவ்வளவு பேசியிருக்காங்க தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஒண்ணும் இல்லாதவருக்குத்தான் தெரிந்திருக்கிறது.

பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் ஒரு பெயர் உண்டு; ஆட்டோக்காரரிடம் சொன்னால் விழிப்பார். அந்த ஜெர்மன் பாதிரியார் கிட்டல் 1894-ல் சுமார் 70,000 சொற்களோடு கன்னட அகராதி போட்டவர். நம்மவருக்கு அத்தனை சொல் தேவைப்படவில்லை. 'தோத்திரம்' ஒன்றை வைத்தே தெருவின் சொத்துக் கணக்கு முழுவதையும் ஒப்பித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவர் கண்ணை மூடினால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். "கர்த்தாவே, பின்சந்துச் சகோதரனுக்கு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் கொடுத்தீரே, தோத்திரம். தவணை இல்லாமல் மொத்தமாகக் கட்ட வைத்தீரே, அதற்கும் தோத்திரம். அவருடைய பழைய ஃப்ரிட்ஜையும் நல்ல விலைக்கு மாற்றிக் கொடுத்தீரே." ஒருமுறை ஒரு சிஸ்டரின் மகனுக்கு ஒயிட்ஃபீல்டில் கிடைத்த வேலைக்காக உருகி ஜெபித்தார். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளத்தையும் ஆண்டவருக்கு நினைவூட்டினார். பையன் வீட்டில் சொல்லியிருந்ததைவிட அது பதினெட்டாயிரம் அதிகம். அன்றைக்கு எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் அந்த அம்மாவின் ஆமென் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வாஷிங் மெஷின்கூட ராத்திரி பதினோரு மணிக்குத்தான் இறங்குகிறது. அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறார்கள். கல்யாணத் தரகர் ஒருவர் இரண்டு மாதமாக ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார். அவருக்கு ரட்சிப்பு கிடைத்ததா என்று தெரியாது, நல்ல வரன்கள் கிடைக்கின்றன.

வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலுக்கு வரும் கூட்டத்தையும் விடமாட்டார். "பூமாலைக் கடையிலயே எவ்வளவு வியாபாரம் பாருங்க பிரதர். நம்ம சபையில காணிக்கைப் பை சுத்தி வந்தா சில்லறைச் சத்தம்தான். எனக்கு ஒண்ணும் இல்ல."

எகிப்துப் பாலைவனத்தில் தவம் செய்த துறவி எவாக்ரியுஸ் நாலாம் நூற்றாண்டில் மனிதனைக் கெடுக்கும் நினைவுகள் எட்டு என்று எழுதினார். அந்த எட்டில் பொறாமை கிடையாது. பிறகு ஆறாம் நூற்றாண்டில் பாப்பரசர் கிரகோரி தான் போட்ட பட்டியலில் அதைச் சேர்த்தார். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பாலைவனத்தில் எதிர் வீடு ஏது? கிரகோரி ரோமாபுரியிலேயே பிறந்து, அந்த நகரத்தின் நிர்வாகத்தையும் பார்த்தவர். மாடி ஏறுவதை எத்தனை பேர் அண்ணாந்து பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

போதுமென்ற மனதைப் பற்றி நம்மவரைப் போலப் பேச ஆள் கிடையாது. "பவுல் ஜெயில்ல இருந்துதான் பிலிப்பியருக்கு எழுதுறார். மனரம்மியமா இருக்கக் கத்துக்கிட்டேன்னு சொல்றார். பொறக்கும்போதே வந்துடல பிரதர். நானும் கத்துக்கிட்டிருக்கேன்." எந்த வகுப்பில் என்று மட்டும் சொல்வதில்லை.

இதுவரை சிரிக்கலாம். போன நவம்பரில் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, என் பெயரைச் சொன்னார். 2024 கோடையில் ஊரே டாங்கர் தண்ணீருக்கு அடித்துக்கொண்டபோது என் வீட்டுச் சம்ப் ஆறாயிரம் லிட்டர், அவருடையது நாலாயிரம். அன்றிலிருந்து என்மேல் பொறாமையாம். தூக்கம் இல்லையாம். இப்போது ஆண்டவர் விடுதலை கொடுத்துவிட்டாராம். வந்து கட்டிப்பிடித்து, "இயேசுவின் அன்பினால உங்களை நேசிக்கிறேன் பிரதர்" என்றார். சபை கைதட்டியது. நான் என்ன சொல்ல வேண்டும்? நன்றியா, மன்னிப்பா? மறுநாள் காலை வாசலில் மூன்று குடங்கள் காத்திருந்தன.

எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அவர் மனதில் இருந்த பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் சம்ப் மூடியைத் திறக்கும்போதெல்லாம் திருடனைப்போல இரண்டு பக்கமும் பார்க்கிறேன். அன்பு எதையெல்லாம் செய்யாது என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதும்போது பொறாமையைத்தான் முதலில் வைத்தார். விலை விசாரிக்காது என்பதையும் சேர்த்திருக்கலாம்.

ஆனால் ஜனவரியில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் ராத்திரித் துணைக்கு வந்தவர் அவர்தான். எந்த மாத்திரை எந்தக் கடையில் எவ்வளவு குறைவு என்று அவருக்கு மனப்பாடம். பில்லில் ஒரே ஊசியை இரண்டு தரம் போட்டிருந்ததைக் கண்ணாடிகூட இல்லாமல் கண்டுபிடித்து, கவுன்ட்டரில் சண்டை போட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கினார். அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபடி, பக்கத்துக் கட்டில்காரரின் இன்ஷூரன்ஸ் எத்தனை லட்சம் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதை ரசித்துக் கேட்டாள்.

ஓசூர் ரோடு கல்லறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதார். மண் போட்டு முடிந்தது. பாஸ்டர் ஆசீர்வாதம் கூறினார். நம்மவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். என் காதருகே குனிந்தார்.

"கார்னர் சைட் பிரதர். கிழக்குப் பார்த்தது. எனக்கு ஒண்ணும் இல்ல. தோத்திரம்."