பெயர் வெட்டின பாத்திரம்

அப்பா கொழிஞ்சாம்பாறையில் பாத்திரக்கடை வைத்திருந்த காலத்தில் தராசு ஒன்று, கணக்கு நோட்டு நான்கு. பித்தளைக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று, எவர்சில்வருக்கு ஒன்று, அலுமினியத்துக்கு ஒன்று. வாங்க வருகிற பெண்கள் 'சாம்பார் வைக்கக் குண்டா வேணுங்க', 'தண்ணி புடிக்கக் குடம் வேணுங்க' என்று வேலையைச் சொல்லிக் கேட்பார்கள். வரிக்கணக்கு பார்க்க வருகிறவர் அதே குண்டாவைக் கையில் எடுத்து, இது என்ன உலோகம் என்று கேட்பார். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு விகிதம் என்பதால்தான் நான்கு நோட்டு என்று அப்பா சொல்வார்.

கொழிஞ்சாம்பாறை பாலக்காட்டு மாவட்டம், சித்தூர் வட்டம். மாநிலம் கேரளம், கடைத்தெருவில் கேட்பது கொங்குத் தமிழ். சரக்கு வருவது திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்திலிருந்து. அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பட்டறை. செம்பு, பித்தளை, எவர்சில்வர் மூன்றும் அங்கே உருவம் கொள்ளும். தகட்டை வெட்டுகிறவர், குடத்தின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் பற்றவைக்கிறவர், மெருகு ஏற்றுகிறவர் என்று ஒரு குடம் பல கை மாறித்தான் கடைக்கு வரும். கூலி உயர்வுக்காகப் பலமுறை வேலைநிறுத்தம் கண்ட ஊர் அது. லோடு வரவில்லை என்றால் அப்பா முதலில் அதைத்தான் விசாரிப்பார். அடுத்ததாகச் சாவடியை.

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லை நெடுக விற்பனை வரிச் சாவடிகள் இருந்தன. தெற்கே இடுக்கி மலைக்குப் போனால் சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. வாளையாற்றில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்ற காட்சியை அந்த வழியாக ஒருமுறை போனவர்கள்கூட மறந்திருக்க மாட்டார்கள். டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டிச் சோறாக்கிச் சாப்பிட்டுத் தூங்கி எழுவார்கள்.

ஆனால் அதற்கும் முந்திய ஒரு காலம் உண்டு. சித்தூர் அன்றைக்குக் கொச்சி சமஸ்தானம். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. இன்றைய இடுக்கி மலைகள் திருவிதாங்கூர். மூன்று ஆட்சிக்கும் இடையே சௌக்கைகள் இருந்தன, தீர்வை வாங்கினார்கள். 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் வணிக உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. திருவிதாங்கூரில் அப்போது திவான் டி. மாதவ ராவ். தங்களுக்குள் தரை வழியாகப் போய்வரும் சரக்குக்கு இறக்குமதித் தீர்வை இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கடல் வழி வருகிற சரக்குக்குச் சமஸ்தானத் துறைமுகங்களிலும் பிரிட்டிஷ் இந்தியாவின் விகிதமே என்று வைத்தார்கள். உப்பு, புகையிலை, அபின், சாராயம் மாதிரிச் சிலவற்றை மட்டும் விலக்கி வைத்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பித்தளைக் குடம் ஒன்று தீர்வை கட்டாமல் மலை ஏற அன்றே வழி பிறந்துவிட்டது.

நாடு விடுதலை அடைந்தது. இந்தியா முழுவதும் வணிகம் தடையின்றி நடக்கும் என்று அரசியல் சாசனத்தின் 301ஆம் பிரிவில் எழுதினோம். 1956இல் மத்திய விற்பனை வரிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1இல் மாநில எல்லைகளும் மாறின. 1963இல் கேரளப் பொது விற்பனை வரிச் சட்டம். மாநிலத்துக்கு வரி தேவை, வரியில்லாமல் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடக்காது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சமஸ்தானத்துக்காரர்கள் பேசித் தீர்த்த தடையைக் குடியரசான பிறகு நாமே திரும்பக் குறுக்கே போட்டோம் என்பது இன்றும் எனக்கு ஆறாத மனக்குறை.

அந்தக் குறை புத்தகம் படித்து வந்ததல்ல. எண்பதுகளில் அக்காவை இடுக்கி மலையில் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். கொழிஞ்சாம்பாறையும் கேரளம், பூப்பாறையும் கேரளம். ஆனால் வண்டி போகிற வழி பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, போடி. அதாவது தமிழ்நாட்டுக்குள் இறங்கி, அதைக் குறுக்கே கடந்து, மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். சீர்ப் பாத்திரங்களை டெம்போவில் ஏற்றினோம். பித்தளைக் குடம், செம்பு அண்டா, தவலை, எவர்சில்வர் தூக்குகள், ரசத்துக்கு ஈயச்சொம்பு, அட்டைப்பெட்டியில் ஒரு அலுமினியப் பிரஷர் குக்கர்.

வழியில் ஒரு சாவடியில் நிறுத்தினார்கள். எந்தச் சாவடி என்பது இங்கே வேண்டாம். இவ்வளவு பாத்திரம் என்றால் வியாபாரச் சரக்குதானே, பில் எங்கே என்றார் அங்கிருந்தவர். அப்பா டெம்போவில் ஏறி, வைக்கோலை விலக்கி, ஒவ்வொரு பாத்திரமாகத் திருப்பி அதன் தோள்பட்டையைக் காட்டினார். கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டுகிறவர் உளியும் சின்னச் சுத்தியுமாகப் புள்ளி புள்ளியாகத் தட்டியிருந்த எழுத்துகள்: அக்காவின் பெயர், கீழே கல்யாணத் தேதி. 'ஏனுங் சார், பேரு வெட்டின பாத்திரத்த யாருங்க வெலைக்கு வாங்குவாங்க?' என்று கேட்டார். அவர் டார்ச் அடித்து, குனிந்து, எழுத்தைப் படித்துப் பார்த்தார். குடத்துக்கும் அண்டாவுக்கும் தலையை ஆட்டினார். குக்கரில் பெயர் இல்லை. அது பெட்டி பிரிக்காத சாமான். அதற்கு மட்டும் பணம் கட்டச் சொன்னார், அப்பா கட்டினார். அக்கா பட்டுப்புடவையோடு வண்டிக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணப் பெண்ணின் சீரைச் சாலையில் இறக்கிச் சோதிப்பது எந்தச் சட்டத்துக்கும் அழகல்ல என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

மலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே பித்தளையைப் புழங்குகிறவர்கள் குறைவு. தேயிலைத் தோட்ட லயங்களில், ஏலக்காட்டுக் குடிசைகளில், எங்கே பார்த்தாலும் அலுமினியம். இலேசு, விலை குறைவு, விறகு அடுப்பில் சீக்கிரம் கொதிக்கும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரக்கூடியதும் அதுதான். இந்த உலோகத்துக்கும் அந்த மலைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. மூணாறுக்குக் கீழே முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரில் பள்ளிவாசல் மின்நிலையம் 1940இல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் ஆலுவாப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இறங்கியது. அங்கே ஏலூரில், அலுபுரம் என்றே பேர் வாங்கிய இடத்தில், 1943இல் இந்தியாவின் முதல் அலுமினியம் உருகி வந்தது. அலுமினியப் பாத்திரம் செய்வதை நமக்குத் தொழிலாக்கிக் காட்டியவர் ஆங்கிலேயர் ஒருவர் என்று சொல்லலாம்: சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். இடுக்கி மலைத் தண்ணீர் கொடுத்த மின்சாரம் உலோகமாகி, அந்த உலோகம் பானையாகி அதே மலைக்கு எங்கள் வழியாக ஏற வேண்டுமானால் நடுவில் சாவடி வேறு. குக்கருக்குக் கட்டிய பணத்தைவிட இதுதான் எனக்கு வலித்தது.

வெளிநாட்டுப் பாத்திரம் என்பது அன்று வளைகுடாவிலிருந்து வருகிறவரின் பெட்டிக்குள் மட்டும் இருந்தது. கடைச் சரக்காக இறக்குமதி செய்ய லைசென்ஸ் கட்டுப்பாடு. நுகர்பொருட்கள் மேலிருந்த அந்தக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். ஒட்டாத வாணலி ஒன்று துபாயிலிருந்து வந்தால் தெருவே வந்து பார்க்கும்.

இப்போது பாத்திரக்கடை நடத்துவது அக்கா மகன், மலையிலேயே. அனுப்பர்பாளையத்துச் சரக்கு போடிமெட்டு வழியாக நிற்காமல் ஏறுகிறது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. வரிச் சாவடிகள் போயின. வாளையாற்றில் வரி வரிசை இல்லை. கலால் சோதனை மாதிரிச் சில மட்டும் இருக்கின்றன. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் செல்போனிலேயே ஈ-வே பில். அதில் பாத்திரத்தின் பெயரோடு எண்ணும் இருக்க வேண்டும். அப்பாவின் நான்கு நோட்டும் இன்று எண்களாகிவிட்டன: இரும்பு, எவர்சில்வர் 7323, செம்பு, பித்தளை, வெண்கலம் 7418, அலுமினியம் 7615.

இந்த எண்கள் உலகச் சுங்க அமைப்பு பிரஸ்ஸல்ஸில் வைத்துக் காக்கிற பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. பட்டியல் உலக அளவில் நடைமுறைக்கு வந்தது 1988இல். முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று, கடைசி இரண்டு நம்முடையது. துறைமுகத்தில் சுங்கம் கேட்பதும், மலையில் அக்கா மகன் பில்லில் தட்டுவதும் ஒரே எண்தான். கலப்பு உலோகமானால் எடையில் எது அதிகமோ அதன் பக்கம் போகும். அடியில் செம்பு பூசிய எவர்சில்வர்ச் சட்டி அதனால் எவர்சில்வரே. உள்ளே ஈயம் பூசிய பித்தளைத் தவலை பித்தளையே. மின்சாரத்தில் வேகிற அரிசிக் குக்கர் பாத்திரக் கூட்டத்திலேயே இல்லை, 8516க்குப் போய்விடும். வார்ப்பு இரும்பில் எனாமல் பூசியதற்கு ஒரு எண், பூசாததற்கு வேறு எண். நம் பாட்டிமார் சந்தையில் எடைபோட்டு வாங்கிய தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் அந்தப் பூசாத வரிசையில் வருகின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஒட்டாத வாணலி வாங்கின வீடுகளே இப்போது வார்ப்பிரும்பு கேட்டு அக்கா மகன் கடைக்கு வருகின்றன.

'மாமா, மத்ததெல்லாம் சரி, ஈயச்சொம்புக்கு எதுல போடுறது?' என்று ஒருநாள் போன் செய்தான். கேட்டவன் சும்மா கேட்கவில்லை. இரும்புக்கும் செம்புக்கும் அலுமினியத்துக்கும் 'மேசை, சமையலறை, வீட்டு உபயோகப் பொருட்கள்' என்று தனித் தலைப்பு இருக்கிறது. பீங்கானுக்கும் உண்டு. ரசம் வைக்கிற வெள்ளீயத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. 8007, 'வெள்ளீயத்தால் ஆன மற்றப் பொருட்கள்', அவ்வளவுதான். பாலக்காட்டு அக்ரகாரங்களிலும் தஞ்சாவூர் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக அடுப்பில் இருந்த பாத்திரம் சமையலறை என்ற சொல்லே இல்லாத தலைப்பின் கீழ் நிற்பது எனக்குச் சம்மதமில்லை.

விகிதத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2005 வாக்கில் வாட் வந்தபோது, விலைமதிப்புள்ள உலோகத்தால் ஆனவை தவிர்த்த எல்லாப் பாத்திரங்களும், பிரஷர் குக்கர் உட்பட, மாநிலங்கள் ஒப்புக்கொண்ட பொதுப் பட்டியலில் 4 சதவீத வரிசையில் இருந்தன. சாவடியை எடுத்த ஜிஎஸ்டி பாத்திரத்துக்கு 12 போட்டது. 2025 செப்டம்பர் 22இலிருந்து அது 5 ஆனது. இரும்பு, செம்பு, அலுமினியம், பீங்கான் எல்லாம் ஒரே விகிதம். அப்பா இருந்திருந்தால் நான்கு நோட்டையும் ஒன்றாகத் தைத்திருப்பார். கடல் வழி வருவதன் கதை வேறு. 2020 பட்ஜெட்டில் பீங்கான், இரும்பு, எவர்சில்வர், செம்புப் பாத்திரங்களின் இறக்குமதித் தீர்வை 10இலிருந்து 20 சதவீதமானது. 2024 மார்ச்சில் எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற ஆணையும் வந்தது. தரம் கெட்ட சரக்கைத் தடுக்க அது தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுப்பில் ஏறுகிற தகடு வயிற்றுக்குள் போகிறது.

அனுப்பர்பாளையத்துப் பட்டறைக்காரருக்கு அந்த 20 சதவீதம் ஒரு அரண்தான். ஆனால் அந்த அரணுக்குள்ளே கையால் ஒட்டித் தட்டிய பித்தளைக் குடமும், பெரிய ஆலையில் அச்சு அடித்து நிமிடத்துக்கு ஒன்றாக விழுகிற குடமும் ஒரே 7418, ஒரே 5 சதவீதம். மண்பானைக்கு அரசு வேறு நியாயம் வைத்திருக்கிறது: வரியே இல்லை. குயவர் கைக்குக் கிடைத்த அந்த நியாயம் கன்னார் கைக்கும் கிடைக்க வேண்டும். கடைசி இரண்டு இலக்கம் நம் கையில்தான் இருக்கிறது. சாந்து சுமக்கிற இரும்புச் சட்டிக்கு, வடக்கே கமேலா என்பார்கள், நம் சுங்கப் பட்டியல் 7323 94 10 என்று தனி எண்ணே ஒதுக்கியிருக்கிறது. சித்தாளின் சட்டிக்கு முடிந்தது, கையால் தட்டிய குடத்துக்கும் ரசச் சொம்புக்கும் முடியும். அப்படி ஒரு தனி எண்ணும் வரிவிலக்கும் கேட்டு அனுப்பர்பாளையத்து உற்பத்தியாளர்களும் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து மத்திய நிதி அமைச்சகத்துக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்கும் எழுத வேண்டும். மலையில் விற்கிறவர்களின் கையெழுத்தை வாங்கித் தருகிறேன் என்று அக்கா மகன் சொல்லியிருக்கிறான்.