செங்கல்பட்டு தாண்டினால் சூடு பிடிக்கும்

கடைசியாகப் படித்த நாவல் எது என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். அது குசலம் விசாரிப்பு அல்ல, தூண்டில். ‘மோகமுள்’ என்றாலும் சரி, ‘புயலிலே ஒரு தோணி’ என்றாலும் சரி, “அப்படின்னா நீங்க ஒன் பீஸ் படிச்சே ஆகணும்” என்பதுதான் அடுத்த வரி. கையோடு முதல் வால்யூமும் வந்துவிடும். பழக்க தோஷத்தில் நாம் இந்தப் பக்கமிருந்து திறந்தால், பிடுங்கித் திருப்பிக் கொடுப்பார்கள்: “அது கடைசிப் பக்கம் அங்கிள். வலமிருந்து இடம் படிக்கணும்.” இந்த ஜப்பானியச் சித்திரக்கதையை நாம் ‘மாங்கா’ என்றால் ‘மங்கா’ என்று திருத்துவார்கள். இதெல்லாம் போகட்டும். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று: “சூடு பிடிக்கும்.”

நான் குறிப்பாக யாரையும் சொல்லவில்லை. எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிப் பையனைச் சொல்வதாக யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு.

முதல் வால்யூமை இரண்டு நாளில் முடித்தேன். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பையன். உடம்பெல்லாம் ரப்பர், கை நீளும். கடற்கொள்ளையர்களுக்கெல்லாம் ராஜா ஆகப் போகிறேன் என்கிறான். முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவன் நான். ரப்பர் கை என்னை அசைக்கவில்லை. “நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா…” என்று இழுத்தேன்.

“அர்லாங் பார்க் வரைக்கும் வாங்க அங்கிள். அங்கதான் சூடு பிடிக்கும்.”

“அது எங்க வருது?”

“8-ஆவது வால்யூம்.”

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்தக் குரல் பழக்கம். பெருங்களத்தூரில் பஸ் ஒன்றரை மணி நேரமாக ஊர்ந்துகொண்டிருக்கும். “செங்கல்பட்டு தாண்டிட்டா சர்ருனு போயிடும்” என்பார் கண்டக்டர். தாண்டும். போகாது. “மேல்மருவத்தூர் தாண்டட்டும்.” அப்புறம் திண்டிவனம். அப்புறம் விழுப்புரம். கடைசியில் விடிந்துவிடும்.

நான் 3-ஆம் வால்யூமில் இருந்தபோது லிஃப்டில் பிடித்தான். “அர்லாங் பார்க் வெறும் டிரெய்லர் அங்கிள். அலபாஸ்டா வந்துட்டீங்கன்னா அப்புறம் கீழயே வைக்க மாட்டீங்க.” அலபாஸ்டா முடிய 20 வால்யூமுக்கு மேல் ஆகும். பால் பூத்தில் பார்த்தபோது மேல்மருவத்தூரும் போய்த் திண்டிவனம் வந்துவிட்டது: “எனீஸ் லாபி! அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணிடாதீங்க.” அது 40-ஐ ஒட்டி. ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் விழுப்புரம்: “மரீன்ஃபோர்ட் யுத்தம். 56-லேருந்து. அழுதுடுவீங்க.”

கணக்குப் போட்டேன். 1997-இல் ஆரம்பித்த தொடர். 110 வால்யூமைத் தாண்டியும் முடியவில்லை. எனக்கு வயது 58. மாதம் ஒன்று படித்தால், மரீன்ஃபோர்டில் அழுவதற்கு நாலே முக்கால் வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அழுவதற்கு எனக்கு வேறு காரணங்கள் கிடைத்துவிடும்.

என்னோடு போயிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். கணேஷ், வசந்த் இல்லாமல் தூக்கம் வராத என் மைத்துனருக்கும் அதே முதல் வால்யூம். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் நாலு தடவை முடித்த எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கும் அதே. அவர் 10 பக்கம் பார்த்துவிட்டு, “ஏன்டாப்பா, எல்லாரும் இப்படிக் கத்திக்கிட்டே இருக்காங்க?” என்று கேட்டாராம். “8-ல சூடு பிடிக்கும் ஆன்ட்டி” என்றிருக்கிறான்.

இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. ஜப்பான்காரர்கள் வாசகர் யார் என்று பார்த்துத்தான் பத்திரிகையே போடுகிறார்கள். பையன்களுக்கு ஷோனென், பெண்பிள்ளைகளுக்கு ஷோஜோ, வளர்ந்த ஆண்களுக்கு செய்னென், வளர்ந்த பெண்களுக்கு ஜோசெய். ஒன் பீஸ் வருகிற வார இதழின் பெயர் ஷோனென் ஜம்ப். பையன்களுக்கு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. மைத்துனருக்கு நவோகி உராசாவாவின் ‘மான்ஸ்டர்’ கொடுத்திருக்கலாமே? ஜெர்மனியில், டுசெல்டார்ஃபில், ஒரு ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர். மேயருக்கு ஆபரேஷன் செய் என்கிற உத்தரவை மீறி, முன்னால் வந்து சேர்ந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன் கொலைகாரனாக வளர்ந்து எதிரே வந்து நிற்கிறான். மொத்தமே 18 வால்யூம், 2001-இலேயே முடிந்துவிட்டது. டீச்சரம்மாவுக்கு ஃபுமி யோஷினாகாவின் ‘ஓஒக்கு’ இருக்கிறது. கொள்ளைநோயில் ஆண்கள் நாலில் மூன்று பங்கு போய்விட, பெண்களே ஷோகன்களாகி ஜப்பானை ஆளும் கதை. அந்த அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நந்தினியே எழுந்து நின்று வணக்கம் போடுவாள். இரண்டும் அவன் அலமாரியிலேயே இருக்கின்றன. கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குப் பதிலைக் காதில் வாங்கத் தெரியவில்லை.

அலமாரியில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, வால்யூம்களை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்று போனேன். கீழ்த்தட்டில், அயர்ன் பாக்ஸுக்குப் பின்னால், தடியாக ஒரு புத்தகம். ஜிரோ தனிகுச்சியின் ‘எ டிஸ்டன்ட் நெய்பர்ஹுட்’.

“இது எப்படி தம்பி?”

“அது வேணாம் அங்கிள். அதுல ஒண்ணுமே நடக்காது.”

அறுபதை நெருங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

வேலை விஷயமாக வெளியூர் போன 48 வயது ஆசாமி, முந்தின நாள் குடித்த மப்பில், கியோத்தோவில் ரயில் மாறி ஏறிவிடுகிறான். சொந்த ஊரான குராயோஷியில் கொண்டுபோய் விடுகிறது. அம்மாவின் சமாதியருகே மயங்கி விழுகிறான். கண் விழித்தால் வயது 14, வருஷம் 1963. மனசு மட்டும் அதே 48. அந்தக் கோடையில்தான் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போகப்போகிறார் என்பது அந்த வீட்டில் இவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ராத்திரி ஒன்றரை மணிக்கு முடித்துவிட்டு விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அசோகமித்திரன் கதை முடிந்த பிறகு உட்கார்ந்திருப்போமே, அப்படி.

திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஸ்கூல்ல நாங்க ஏழு பேர் சேர்ந்துதான் ஒன் பீஸ் படிச்சோம் அங்கிள். இப்ப ஒருத்தனும் படிக்கிறதில்லை. அர்லாங் பார்க் பத்திப் பேசக்கூட ஆள் கிடையாது” என்றான்.

அப்போதுதான் விளங்கியது. அவனும் 14 வயதுக்குத்தான் ரயில் ஏறப் பார்க்கிறான். துணைக்கு யாராவது வருவார்களா என்று படிப்படியாக இறங்கி எங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். திருப்பிக் கொடுத்த வால்யூம்களை நானே கேட்டு வாங்கி வந்தேன்.

8-ஆம் வால்யூமைப் போன வாரம் தொட்டேன். அர்லாங் பார்க் பற்றி அவன் சொன்னதில் பொய்யில்லை, சூடு பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு எனக்கு ஏழு வால்யூம் ஆனது. தனிகுச்சிக்கு ஏழு பக்கம்.