தராசு ஒன்று சொல்லும், இரத்தம் வேறு சொல்லும்

கேள்வி: தேங்காயை அடியோடு நிறுத்தினால் எடை குறையுமா, கொலஸ்ட்ரோல் குறையுமா? (கொழுந்து பறிக்கும் வாசகி, எல்கடுவ)

பதில்: இரண்டும் இரண்டு கணக்கு அக்கா. எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று தராசு கேட்கும். எதைச் சாப்பிட்டீர்கள் என்று இரத்தம் கேட்கும். 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறு பாதிக்கு மாச்சத்தையும் குறைத்தார்கள். ஒரு வருடத்தில் முதல் அணிக்கு 5.3 கிலோ, அடுத்த அணிக்கு 6 கிலோ குறைந்தது. வெற்றி தோல்வி இல்லை. இரத்தம்தான் பிரித்துக் காட்டியது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரோலான எல்.டி.எல். இறங்கியது. மாச்சத்தைக் குறைத்தவர்களுக்கு டிரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு நன்றாக இறங்கி, நல்ல கொலஸ்ட்ரோல் ஏறியது.

தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது எல்.டி.எல்லை ஏற்றும். ஆகவே பொரியலையும் கட்டிப் பாலையும் குறையுங்கள். சம்பலுக்குத் திருவும் ஒரு பிடித் தேங்காயோடு சண்டை வேண்டாம்.

கேள்வி: எண்ணெய்ப் பண்டமே தொடமாட்டேன். எனக்கு ஏன் டிரைகிளிசரைட் 230?

பதில்: ரொட்டி தொடுவீர்களே! விடியற்காலையில் கோதுமை மா ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, இரவில் குவித்த சோறு. மிஞ்சும் மாவையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக மாற்றி இரத்தத்தில் அனுப்புகிறது. தேத்தண்ணியையும் எண்ணிப் பாருங்கள்: கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் கிட்டத்தட்ட 60 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. தேயிலை விளையும் ஊரில் தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, சீனியை விடுங்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கும் முறைக்காது.

மூன்று ரொட்டியில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கெட்டியான பருப்பு, வல்லாரைச் சம்பல் அல்லது முருங்கைக்கீரைச் சுண்டல் வையுங்கள். முட்டையோ நெத்தலியோ சேர்ந்தால் இன்னும் நல்லது. பகல் முழுக்கச் சரிவில் நிற்கிற உடம்புக்குப் புரதம் வேண்டும். சம்பளத்துக்குள் கிடைக்கிற சாப்பாடு ரொட்டிதான் என்பதும் தெரியும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் அடுப்படியில் இல்லை.

கேள்வி: இரவுச் சாப்பாட்டை விட்டுவிடட்டுமா?

பதில்: பசியோடு படுத்தால் விடிந்ததும் ஒரு ரொட்டி கூடும். இரத்தசோகை உள்ளவர் பட்டினி கிடந்து மலையேறினால் தலைதான் சுற்றும். குறையுங்கள், விடாதீர்கள்.

கேள்வி: சாப்பாடு மாறவில்லை. மாதவிடாய் நின்றதும் கொலஸ்ட்ரோல் ஏறிவிட்டது. நான் என்ன தப்புச் செய்தேன்?

பதில்: ஒரு தப்பும் இல்லை அம்மா. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் இருக்கும்வரை எல்.டி.எல்லை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஈரலுக்கு அது கைகொடுத்தது. அது குறைந்ததும் ஈரலின் வேகமும் குறைந்துவிட்டது. சாப்பாட்டுக் கட்டுப்பாடு உதவும். எல்லோருக்கும் அது மட்டும் போதாது. டொக்டர் மாத்திரை எழுதினால், பக்கத்து லயத்து ஆலோசனையைக் கேட்டு நிறுத்தாதீர்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. 35 வயது கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைச் சுகவாழ்வு நிலையத்தில் காசில்லாமல் பரிசோதிப்பார்கள். வேலைக்குப் பெயர் போடாத நாளில் போய் வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.