கழுவுன தண்ணி காட்டிக் குடுத்துரும் மாப்ளே

ஏண்டா மாப்ளே, நாலு வருசம் வெவசாயப் படிப்புப் படிச்சவன் நீ. தோட்டத்துல புதுப் பூச்சி பூந்தா எப்படித் தெரியும்னு கேட்டா, "இலை காஞ்சா தெரியும் மாமா"ங்கற. திருடன் பீரோவத் தூக்கிட்டுப் போனப்பறம் கண்டுபுடிக்கறதுக்கு காலேஜ் எதுக்குடா?

உன்னையும் சொல்லிக் குத்தமில்ல. அமெரிக்காக்காரனே ஏமாந்திருக்கறான். ஆசியாவுல இருந்து போன பழுப்பு நாவாய்ப்பூச்சி ஒண்ணு, நசுக்குனா கொத்தமல்லியாட்ட வாடை அடிக்குமாம், 1990கள்லயே பென்சில்வேனியாவுல அலன்டவுன்ங்கற ஊர்ல குடியேறிருச்சு. அது இன்ன பூச்சின்னு 2001லதான் பேர் தெரிஞ்சுது. அதுவரைக்கும் உள்ளூர்ப் பூச்சியோட பூச்சியா பங்காளி கணக்கா உக்காந்திருந்துச்சு. 2010ல அந்த வட்டாரத்து ஆப்பிள்காரங்களுக்கு 3.7 கோடி டாலர் நட்டம்.

அப்பறந்தான் நியூ ஜெர்சியில ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு வேலை பண்ணுனாங்க. பூச்சின்னா சும்மாவா போகும்? எச்சம் போடும், தோல் உரிக்கும், எச்சில் வெக்கும். அத்தனையிலயும் அதோட டிஎன்ஏ ஒட்டியிருக்கும். பறிச்ச காயைக் கழுவுன அழுக்குத் தண்ணிய வடிகட்டி, பிசிஆர் மெசின்ல போட்டு, அந்தத் துளியூண்டு டிஎன்ஏவப் பெருக்கிப் பார்த்தாங்க. விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப்பொறி ரெண்டையும் விட இது வெரசாக் காட்டிக் குடுத்துச்சு. 2018ல அதை எழுதியும் வெச்சாங்க. மரத்துச் சாறு குடிக்கற லாந்தர்ப்பூச்சிக்கோ இன்னும் கூத்து: பெயின்ட் அடிக்கற ரோலர எடுத்துட்டுப் போயி, அதுல டிஎன்ஏ ஒட்டட்டும்னு மரத்து மேல உருட்டுனாங்க. நம்மூர்ல ஒருத்தன் அப்படிச் செஞ்சா கோடங்கியக் கூட்டிட்டு வந்துருவாங்க.

துள்ளாத மாப்ளே. வந்த பூச்சி உசுரோட இருக்குதா செத்துப்போச்சா, ஒண்ணா நூறான்னு இது சொல்லாது. வெயில் பட்டா டிஎன்ஏ அழிஞ்சும் போயிரும். எந்தப் பூச்சியத் தேடறோம்னு முன்னாலயே தெரிஞ்சு, அதுக்குன்னு சோதனை செஞ்சு வெச்சிருக்கணும்.

இருந்தாலும் 2008ல இப்படி ஒண்ணு நம்ம கையில இருந்திருக்கலாம். கோயமுத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சியக் கண்ணுல பார்த்தப்பவே அது மல்பெரி, மரவள்ளின்னு பாய் விரிக்க ஆரம்பிச்சிருச்சு. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து குளவியக் கொண்டாந்து விட்டப்பறந்தான் அடங்குச்சு. அந்த ரெண்டு வருசத்துல நான் அடிச்ச மருந்துக் காசுக்கு ஒரு எருமை வாங்கியிருப்பேன்.

நம்ம வீட்டுல காயக் கழுவறது உங்கத்தை ஒருத்திதான், அதுவும் கொழம்பு வெக்கறப்ப. அந்தத் தண்ணியும் வாழைக்குப் போயிருது. சோதனையெல்லாம் அப்பறம் ஆகட்டும். இப்ப போயி உன் தென்னை மட்டையத் திருப்பிப் பாரு, அடியில வெள்ளை வெள்ளையாச் சுருள் சுருளா ஒட்டியிருக்குது. அதான் ரூகோஸ் வெள்ளை ஈ. பொள்ளாச்சியில 2016லயே கண்டுபுடிச்சுட்டாங்க. உன் கண்ணுலதான் இன்னும் படல.