மூன்றாவது சிலிண்டருக்கு ஒரு மூடி ஆயில்

எங்கள் பழைய மாருதி 800 பாலம் ஏறும்போது, பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு அனுதாபத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். தெருவில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மாடிவீட்டு ரிட்டயர்டு தாசில்தார், ‘பெட்ரோல் சரியில்லை’ என்றார். மாமனார், ‘அப்பவே அம்பாசிடர் வாங்கச் சொன்னேன்’ என்றார். எனக்குப் பல்வலி வந்தபோதும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். “ரிங் போயிருச்சு சார். இன்ஜினை இறக்கிரலாம்.”

இறக்குவது அவர் வேலை. திரும்ப ஏற்ற நான் லோன் போட வேண்டும். அதனால் ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கினேன். அவர் கேட்ட அட்வான்ஸில் கால்வாசிகூட ஆகவில்லை.

விஷயம் எளிது. பிஸ்டன் மேலே வரும்போது காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று இந்தக் கேஜ் காட்டும். பெட்ரோல் வண்டிக்குச் சுமார் 150 பி.எஸ்.ஐ. வந்தால் கவலையில்லை. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாம் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் வயசு. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் வியாதி.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினைச் சூடாக்கி அணைத்தேன். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணை ஊதிவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றினேன். கரண்ட் வராமலிருக்க காயில் வயரைப் பிடுங்கி எர்த் பண்ணினேன். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கேஜை மாட்டினேன். இனி ஒருவர் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் போதிய காற்று உள்ளே போகாது, முள் பொய் சொல்லும். மனைவியைக் கூப்பிட்டேன்.

“எவ்வளவு மிதிக்கணும்?”

“முழுசா.”

“கால்வாசி மிதிச்சாலே கத்துவீங்களே!”

“இன்னிக்கு மட்டும் மிதி.”

‘டுபுக், டுபுக்’ என்று இன்ஜின் சுற்றியது.

“என்னங்க, ஸ்டார்ட் ஆகலையே?”

“ஆகக் கூடாது.”

“பின்னே எதுக்கு என்னை அடுப்படியிலேருந்து கூப்பிட்டீங்க?”

இதற்கு எந்த மேனுவலிலும் பதில் இல்லை. ஆனால் முள் ஐந்தாறு துள்ளலில் 150இல் நின்றது. இரண்டாவது சிலிண்டர் 145. மூன்றாவது, 90. மூன்றாவதைத் திரும்பவும் அடிக்கச் சொன்னேன். முள் அசையவில்லை, அவள் முகம்தான் மாறியது.

அடுத்தது ஆயில் சோதனை. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட வேண்டும். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைக்கும், முள் ஏறும். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோதான் சந்தேகப்பட வேண்டும். சமையலறை ஸ்பூனைத் தர முடியாது என்று தீர்ப்பாகிவிட்டதால், இருமல் மருந்து பாட்டிலின் மூடியை எடுத்தேன். 5 மில்லி கோடு அதில் அழகாகப் போட்டிருக்கிறது. தாசில்தார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “வண்டிக்குச் சளியா?” என்றார். மறுபடி செல்ஃப். முள் 90ஐ விட்டு நகரவில்லை.

ஆக, ரிங் நிரபராதி. மெக்கானிக்கிடம் கேஜையே கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “வண்டி முன்னாடி கேஸ்ல ஓடுச்சா சார்?” என்றார். ஓடியது. கேஸில் ஓடிய வண்டியில் வால்வு சீட் தேய்ந்து டாப்பெட் கேப் குறையும். வால்வு முழுசாக மூடாது. அவரே ஃபீலர் கேஜை வைத்து கேப் சரிசெய்தார். மூன்றாவது சிலிண்டரும் 140ஐத் தொட்டது. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உங்களிடம் யாராவது இன்ஜினை இறக்க வேண்டும் என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். ‘எந்த சிலிண்டர், எத்தனை பி.எஸ்.ஐ.?’ என்று மட்டும் கேளுங்கள். கேஜ் வேண்டுமானால் நான் தருகிறேன். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மட்டும் உங்கள் வீட்டிலிருந்தே ஆள் கூட்டி வாருங்கள்.